கர்னலின் பூர்வீகம்

சவப்பெட்டியை மூட முடியவில்லை. இரண்டு கிலோகூடத் தேறாத சிவாவா நாய் கர்னல் உள்ளே, அப்பாவின் நெஞ்சின் மேல் படுத்துக்கொண்டு, மூடியைத் தொட்டவர்களைப் பார்த்தெல்லாம் உறுமியது. ஜெபம் சொல்ல வந்த பாதிரியார் நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டார்.

"காலைப் புடிச்சு இழுக்காதம்மா எர்மீலா, முழங்கால் சில்லு நழுவிரும்" என்றார் சித்தப்பா கிறிஸ்பின்.

அவளுக்குத் தெரியும். திஹுவானா நகரத்திலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வாள். அப்பா முதலில் கர்னலின் முழங்காலைச் சொல்வார். பிறகு அதன் இருமல், ஆடும் பல், இதயத்தில் கேட்கும் இரைச்சல். தன் நெஞ்சுவலியைச் சொல்ல அவருக்கு நேரமே இருந்ததில்லை.

"கெடக்கட்டும் விடு. ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடி ராஜாக்கள் வளர்த்த வம்சம். செத்தவங்களை ஆத்துக்கு அக்கரை சேர்க்கும்" என்றார் சித்தப்பா.

பக்கத்து வீட்டு விதவை திரினிதாத் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இதுவா? குளிக்கிற தொட்டியையே தாண்டாது. ராஜாவாம், வம்சமாம்! ஸ்பெயின்காரன் கப்பல்ல வந்த சாதி இது."

பல வருஷமாக மதிலுக்கு மேல் நடந்த சண்டை அது. அவள் இப்படிச் சொன்னதும் அப்பா ரெஃபூகியோ கத்துவார்: "எங்க சிவாவா மண்ணுல முளைச்சதுடி! உன் புருஷன்தான் கப்பல்ல வந்தவன்!"

திரினிதாத் பெட்டியையே பார்த்தாள். "கப்பல்ல வந்ததுன்னு சொல்றேன், ரெஃபூகியோ" என்றாள், இன்னும் உரக்க.

இனிப்பு ரொட்டி மென்றுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

அப்போது கர்னலின் உறுமல் நின்றது. அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஐயோ, கூடவே போயிருச்சு!" சித்தப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

"வாயை மூடுய்யா!" என்றாள் திரினிதாத். "நேத்துலேருந்து யாராவது அதுக்குத் தின்னக் குடுத்தீங்களா? சர்க்கரை இறங்கிருக்கு. தேன் கொண்டா! எர்மீலா, உச்சந்தலைல கை வைக்காத, அங்க எலும்பு மூடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மதிலுக்கு எங்க பக்கமும் காது கேக்கும்ல" என்று திரினிதாத் மூக்கைச் சிந்தினாள்.

எர்மீலா நாயை அள்ளி மடியில் கிடத்தி, ஈறுகளில் தேனைத் தடவினாள். மொத்தக் கூட்டமும் அவளைச் சூழ்ந்து நின்றது. இதுதான் சமயமென்று பாதிரியார் ஜெபத்தை வேகமாக முடித்தார். ஆட்கள் மூடியைப் போட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கர்னல் கண்ணைத் திறந்தது. விரலை நக்கியது. தேன் தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டே இருந்தது.

"எடுக்கலாமா?" என்று வாசலிலிருந்து கேட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் எர்மீலா. விரலை அப்படியே வைத்திருந்தாள்.