பக்கத்து வீட்டுப் பச்சை மைனர்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது டெரிக்கின் காதில் மேவிஸின் சிரிப்பு விழுந்தது. மனைவி வாய்விட்டுச் சிரித்தால் யாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் சிரிப்பு வந்தது பக்கத்து வீட்டு ரோலண்டின் காருக்குள்ளிருந்து.

உருண்டு வெளியே வந்து ஷெட் வாசலில் நின்றார். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிய பச்சை மோரிஸ் மைனர் தெருவோரம் நின்றிருந்தது. மேவிஸ் தலையில் மஞ்சள் ஸ்கார்ஃப், மடியில் தக்காளி நாற்றுத் தட்டு. ரோலண்ட் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான். அது போகட்டும். அவள் இறங்கியதும் இரண்டே விரலால் கதவைத் தள்ளினான், அது டக்கென்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில் டெரிக்குக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? இங்கிலாந்தின் நனீட்டன் ஊரில் இந்தத் தெருவுக்கு முதன்முதலில் மைனர் கொண்டுவந்தவர் அவர்தான். பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஒரு பண்ணையில் கோழிகள் அடைந்துகிடந்த காரை இழுத்துவந்தார். அதைப் பார்த்துத்தான் ரோலண்டுக்கே ஆசை வந்தது. அதே மாடல், அதே திறந்த கூரை. ஆனால் அவன் வாங்கியதே பாதி முடிந்த கார், பெயின்ட் அடித்ததும் வேறு ஆள். இதைத் தெருவில் ஒருவர் விடாமல் டெரிக் சொல்லியாயிற்று. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு ரோலண்டின் காரைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

"அந்த ஸ்கார்ஃப் யாரு காருக்குன்னு வாங்கினது?" என்று கேட்டார், மேவிஸ் கிட்டே வந்ததும்.

"உன் காருக்குத்தான்யா. அது ஓடுற வரைக்கும் பூச்சி அரிக்கக் கூடாதுல்ல. அப்பப்போ காத்தாட விடறேன்."

கார் வந்த வாரமே வாங்கியது அது. கூரையை மடக்கிவிட்டு ஸ்கெக்னெஸ் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு. அவருடைய மைனர் இன்னும் நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது, சக்கரம்கூட இல்லாமல்.

உண்மையில் அந்தச் சிரிப்பைக் கேட்கும்வரை அவர் காரைக் கைகழுவிவிடும் எண்ணத்தில்தான் இருந்தார். உதிரிபாகங்களுக்காக மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று லெஸ்டர்க்காரன் ஒருவன் சொல்லியிருந்தான். தனியாக ஷெட்டில் கிடப்பவன் சோர்ந்துபோகாமல் இருக்க, மைனர் கார் வைத்திருப்பவர்களின் கிளப் பத்திரிகையில் யோசனைகள் போடுவார்கள். சின்னச் சின்ன வேலையாகப் பிரித்துக்கொள், முன்னேற்றத்தைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டு. ஒட்டினார். சுவர் முழுக்கத் துரு. அந்த யோசனையெல்லாம் செய்யாததை ஒரு சிரிப்பு செய்துவிட்டது. லெஸ்டர்க்காரனுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ரோலண்ட் தெருவில் காரைக் கழுவும் சத்தம் கேட்டால் போதும், இவர் ஷெட்டில் இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் போட்டுவிடுவார். மேவிஸ் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் இரண்டும் துருப்பிடித்து மாவாகிவிட்டிருந்தன. அவற்றை வெட்டி எறிந்தார், புதியவற்றை வைத்து வெல்டிங் செய்தார். கை சுட்டது, கண் எரிந்தது. இதுவரை இவ்வளவு வேகமாக அவர் வேலை செய்ததேயில்லை. மனதுக்குள் ரோலண்டைத் திட்டிக்கொண்டே செய்ததில் களைப்பே தெரியவில்லை.

கழற்றி வைத்திருந்த கதவைத் தூக்கி மாட்டிய அன்றுதான் தெரிந்தது. கதவு மூடவில்லை. மேல் மூலை முட்டியது, கீழே கை நுழையும் இடைவெளி. கையால் தள்ளினார், தோளால் இடித்தார், மரச் சுத்தியலால் தட்டினார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். திறந்த கூரைக் காரில் அந்தச் சட்டத்தைத் தொடுமுன் கதவுகளை மாட்டியே வைத்திருக்க வேண்டும், குறுக்கே குழாய் வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், தாங்கக் கூரை இல்லாத காரின் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும். கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிறவரே டெரிக்தான்.

சுத்தியல் சத்தம் கேட்டோ என்னவோ, ரோலண்ட் வாசலில் வந்து நின்றான். கையில் சொட்டச் சொட்ட ஸ்பாஞ்ச்.

"கதவைக் கழட்டிட்டா வெல்டிங் வச்ச?"

டெரிக் சுத்தியலைக் காலால் ஓரம் தள்ளினார். இனித் தெரு முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்தார். ஆனால் ரோலண்ட் சிரிக்கவில்லை. குனிந்து இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"திரும்ப வெட்டி எடுக்கணும்பா. குளிர்காலம் பூரா வேலை இருக்கு உனக்கு." குரல் ஒரு மாதிரி இருந்தது. "நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கட்டுமா? காலையிலேர்ந்து ரெண்டு தடவை என் காரைக் கழுவிட்டேன். அதுல வேற என்ன இருக்கு செய்ய?"

டெரிக் நிமிர்ந்து பார்த்தார். அந்த வயிற்றெரிச்சல் முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும், இத்தனை நாளும் தன் முகம் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"வேணாம். நானே பாத்துக்கிறேன்," என்றார். சொல்லும்போது அப்படி இனித்தது.

தோட்டத்திலிருந்து மேவிஸ் வந்தாள், கையெல்லாம் மண், தலையில் அந்த மஞ்சள் ஸ்கார்ஃப். இருவரையும் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் காருக்குள் ஏறினாள். சீட் இல்லாததால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மூடாத கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ம், எடுய்யா வண்டிய. இருட்டுறதுக்குள்ள கடலைப் பாக்கணும்."

சொல்லிவிட்டு அவளே வாய்விட்டுச் சிரித்தாள். டெரிக் மறுபக்கம் போய் ஏறினார். வாசலில் ரோலண்ட் அப்படியே நின்றிருந்தான். ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் வடிந்து அவன் ஷூவை நனைத்துக்கொண்டிருந்தது.