சொல்லும் முன்னே கேட்ட குரல்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு போன் வாங்கவேண்டியிருந்தது. அதே போனை ஏற்கெனவே வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிவைத்த அனுபவங்களை ஒரு மத்தியானம் உட்கார்ந்து படித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இது.

எப்படித் தொடங்குவது என்று பலமுறை எழுதி எழுதி அடித்தாயிற்று.

"வெளியே இடி இடித்தது. மேஜைமேல் இருந்த போன் தானாகவே

வேண்டாம். இடி இடித்தால்தான் பயம் வருமா? நடந்ததெல்லாம் நல்ல வெயிலில்தான் நடந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்."

இது இருக்கட்டும். உண்மையும்கூட. லிஃப்ட் பழுதானால் அந்தக் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்ப்பார். கூட்டாளி மொட்டைமாடி அறையில் லிஃப்டுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். இவர் வேலையை முடித்து, வெளியே வந்து, போனில் "போடு" என்று சொன்ன பிறகுதான் அவர் சுவிட்சைப் போடவேண்டும். விதிப்படி இதற்கு வேறு ஏற்பாடெல்லாம் உண்டு. விதி சுவரில் மாட்டியிருக்கும், வேலை போனில் நடக்கும். அதனால் எங்கள் வீட்டில் போன் என்பது படம் பார்க்கிற சாமான் இல்லை.

இந்தப் போனின் விளம்பரம் ஒன்றைத்தான் சொன்னது: எவ்வளவு இரைச்சலிலும் குரல் உடனுக்குடன் போய்ச் சேரும். வாங்கிவிட்டேன்.

2

[இந்த இடத்தில் மாடிவீட்டுக்காரி வரவேண்டும். அவள் நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. இணையத்தில் அந்தப் பெயரில்தான் எழுதுவாள்.]

கதாபாத்திரமாக அவளை நான் முதலில் நம்பவில்லை. ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "சூப்பர் போன், என் வீட்டுக்காரர் பெரிய பில்டிங்ல கயித்துல தொங்கி கண்ணாடி தொடைக்கிறவர், அங்கேயும் குரல் கணீர்னு கேக்குது" என்று எழுதியிருந்தாள். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவள் என்று நினைத்தேன்.

எங்கள் போனில் கோளாறு ஆரம்பித்ததும், மற்றவர்களுக்கும் இப்படித்தானா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். அவள் தன் அனுபவத்தின் கீழேயே திருத்தம் திருத்தமாகச் சேர்த்துக்கொண்டு போயிருந்தாள்.

"ஒரு நட்சத்திரம் கொறைக்கிறேன். பேசுனா நம்ம குரலே கொஞ்சம் லேட்டா திரும்பக் கேக்குது."

எங்களுக்கும் அதே.

"கொண்டுபோய்க் காட்டுனேன். ஒண்ணுமே இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

எங்களுக்கும் அதே. சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் அந்தப் போனைத் துணியால் துடைத்து, சாஃப்ட்வேரைப் புதுப்பித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

"இப்போ அவரு பேசுறதுக்கு முன்னாடியே அவரு குரல் கேக்குது."

இதைப் படித்தபோது சிரித்தேன். அந்த வாரம் முடிவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

ஒவ்வொரு திருத்தத்துக்குக் கீழும் கம்பெனியின் பதில் ஒன்றுதான்: சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் மகிழ்ச்சியே எங்கள் இலக்கு.

3

சாப்பிட உட்கார்ந்தபோது அவரே சொன்னார்.

"இன்னைக்கு ஒரு கூத்து. நான் வெளிய வந்து 'போடு'ன்னு சொல்ல வாயத் தொறக்குறேன், அதுக்குள்ள லிஃப்ட்ல லைட்டு எரியுது. ஏன்டா அவசரப்பட்டன்னு கூட்டாளியக் கேட்டா, 'நீதானண்ணே போடுன்னு சொன்ன'ங்கிறான்."

"நீங்க சொன்னீங்களா?"

"சொல்லலாம்னு இருந்தேன். சொல்லல."

நான் மாடிவீட்டுக்காரி எழுதியதைக் காட்டினேன். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ கதை எழுதுறவ வேற, கேக்கணுமா?"

"என்னங்க, இன்னும் கொஞ்சம் முந்திக் கேட்டிருந்தா நீங்க கூண்டு மேல நின்னுக்கிட்டிருந்திருப்பீங்க."

தட்டில் பாதி மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். அவர் மிச்சம் வைக்கிற ஆள் இல்லை.

(இங்கே ஒரு பக்கம் எங்கள் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் எனக்கு வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்தது அவ்வளவுதான்.)

4

மாடிவீட்டுக்காரியின் கடைசித் திருத்தம் இது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

"அவருக்குப் பழைய போனக் குடுத்து அனுப்பிட்டேன். இதுலேருந்து சிம்மக் கழட்டி வச்சுட்டேன். சிம்மே இல்ல, ஆனா இப்போ அடிக்குது. அவரு பேருதான் வருது. எடுத்தேன். அவரு சொன்னது"

அவ்வளவுதான். அதற்குக் கீழே கம்பெனி, முதல்முறையாக வேறு பதில் எழுதியிருந்தது: உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி.

வாடிக்கையாளர் உதவி எண்ணை அழைத்தேன். ஒரு பையன் எடுத்தான். குரலில் குறையே சொல்லமுடியாத மரியாதை.

"மாடிவீட்டுக்காரின்னு எழுதுனாங்களே, அவங்க பிரச்சினை எப்படித் தீர்ந்துச்சு?"

"அதுக்கப்புறம் அவங்க எதுவும் எழுதல மேடம்."

"எழுதலன்னா?"

"எழுதலன்னா தீர்ந்துடுச்சுன்னு சிஸ்டம் எடுத்துக்கும் மேடம்."

"அவங்க உயிரோட இருக்காங்களான்னு யாராவது கேட்டீங்களா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒரு வரியை அவனும் தடுமாறித்தான் சொன்னான்.

5

இன்று காலை நானும் அதையேதான் செய்தேன். வேறு என்ன செய்வது? சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டு அவரிடம் கொடுத்தேன். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். புதுப் போன் இதோ மேஜைமேல், இந்தக் காகிதங்களுக்குப் பக்கத்தில், சிம் இல்லாமல் கிடக்கிறது.

இந்த வரியை எழுதும்போது அது அடிக்கத் தொடங்கிவிட்டது.

அவர் பெயர்தான் வருகிறது.

கதைக்காரிகள் இந்த மாதிரி நேரத்தில் முடிவுகளை வைத்து விளையாடுவார்கள். நானும் முயன்று பார்க்கிறேன். கை சும்மா இருந்தால் பயம் அதிகமாகிறது.

முடிவு ஒன்று: எடுக்கிறேன். "வரும்போது ஏதாவது வாங்கிட்டு வரணுமா?" என்கிறார். இதை எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: எடுக்கிறேன். கூண்டின் மேலே காற்று ஊளையிடுகிறது. அவர்

முடியாது. மன்னியுங்கள்.

முடிவு மூன்று: எடுக்கவில்லை. அடித்து ஓய்கிறது. சாயங்காலம் வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இது முடிவே இல்லை, தண்டனை.

இன்னும் அடிக்கிறது.

6

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆத்திரத்தில் என் அனுபவத்தையும் அதே இடத்தில் எழுதிவந்தேன், திருத்தம் திருத்தமாக. நேற்று அதன் கீழே ஒருத்தி எழுதியிருந்தாள். பெயர் குட்டிம்மா.

"அக்கா, எனக்கும் நீங்க சொல்ற மாதிரியே ஒண்ணொண்ணா நடக்குது. என்ன, உங்களுக்கு நடந்து கொஞ்ச நாள் கழிச்சு. என் வீட்டுக்காரர் டேங்குக்குள்ள எறங்கி வெல்டிங் வைக்கிறவர். அவர் வெளிய வந்து சொன்னாதான் வால்வத் தொறப்பாங்க. அடுத்து என்ன ஆச்சுன்னு சீக்கிரம் எழுதுங்க அக்கா. எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

மாடிவீட்டுக்காரி எழுதினாள், எனக்கு நடந்தது. நான் எழுதினேன், குட்டிம்மாவுக்கு நடக்கிறது. எழுதியதால் நடந்ததா, நடக்கப்போவதைத்தான் எழுதினோமா என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் அடுத்தவள் தாலியை வைத்துச் சோதனை செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நல்லதாக ஒரு பொய் எழுதிவிட்டால் என்ன? எனக்கு அது ஒரு வரி வேலை. ஆனால் என் பொய் பலிக்காமல் போனால்? அவள் அதை நம்பி, அந்தப் போனையே அவர் கையில் கொடுத்து டேங்குக்குள் இறங்க விடுவாள்.

இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. மாடிவீட்டுக்காரிக்கும் இதே யோசனை வந்திருக்கலாம். அவள் வாய் அடைத்துப்போய் நிறுத்தவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பின்னால் வருகிறவளை நினைத்து, வேண்டுமென்றே நிறுத்தியிருக்கலாம். முகம் தெரியாத எனக்காக. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று தவிக்கிறேன். ஆனால் தவிப்பு சாட்சி ஆகாது.

7

எடுத்துவிட்டேன்.

அவர் குரல்தான். நிறுத்தி நிதானமாகப் பேசினார். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போனைக் கீழே வைத்தேன்.

அவர் சொன்னதை எழுதமாட்டேன். குட்டிம்மா, உனக்கும் இல்லை. இதைப் படிக்கிற உங்களுக்கும் இல்லை. நீங்கள் எனக்கு எத்தனை நாள் பின்னால் வருகிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்பதையும் கேட்காதீர்கள். சிஸ்டம் வேண்டுமானால் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தப் போனை மட்டும் உன் வீட்டுக்காரர் கையில் கொடுக்காதே, குட்டிம்மா. மற்றதை நீயே எழுது. எனக்கு முன்னால் ஒருத்தி எழுதியதைத்தான் நான் வாழ்ந்தேன். உனக்கு அந்தக் கதி வேண்டாம். இதையும் அதே இடத்தில்தான் போடுகிறேன், கீழே இடம் விட்டிருக்கிறேன். அவர் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலிருந்து ஆரம்பி.