மச்சானின் நடக்கும் மில்

என் மச்சானின் பெயரை நான் சொல்ல முடியாது. பப்புவா நியூ கினியில், எங்கள் நியூ பிரிட்டன் தீவின் கரையில் மனைவியின் உடன்பிறந்தவன் பெயர் வாயில் வரக் கூடாது. அதே பெயரில் வேறொரு பொருள் இருந்தால் அதையும் சொல்லக் கூடாது. மற்றவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். என் மாமனார் மகனுக்கு வைத்ததோ இந்தக் காட்டிலேயே உறுதியான மரத்தின் பெயர். நான் சாமில்காரன். இருபது வருஷமாக அந்த மரத்தை அறுத்துக்கொண்டு, 'இரும்பு மரம்' என்று சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்க வருகிறவன் சிரிக்கிறான்.

அது போதாதென்று போன வருஷம் அவனும் ஒரு மில் வாங்கி வந்தான். இரண்டு தண்டவாளம், ஒரு எஞ்சின், ஒரு வட்ட ரம்பம், அவ்வளவுதான். ஆறு பேர் தோளில் சுமந்து மரம் விழுந்த இடத்துக்கே கொண்டுபோய்விடுவார்கள். ஊரே அதை 'நடக்கும் மில்' என்று கொண்டாடியது. என் மில் ஆற்றங்கரையில் கான்கிரீட் மேடைமேல், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. அவன் நாலு நாளில் அறுப்பதை ஒரே நாளில் அறுக்கும். அதை யார் பார்த்தார்கள்?

"என் தம்பி மில்லு நடக்குது, உங்க மில்லு உக்காந்திருக்கு. ஆளைப் போலத்தானே மில்லும்?" என்றாள் என் மனைவி ரூபினா. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஊரில் புது வேதக்கோயில் கட்ட முடிவானது. மரம் யார் அறுப்பது என்று பேச்சு வந்ததும் உபதேசியார் கேலு, வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தா பாரு ஒட்டோ, மச்சானும் மச்சானும் முறைச்சிக்கிட்டு நிக்காதீங்க. ஆளுக்கு ஒரு மரம் அறுத்துக் காட்டுங்க. சாயங்காலம் கமிட்டி கூடி முடிவு பண்ணிரும்."

எது சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். மலைமேல் நிற்கும் மரத்தை என் மில்லுக்கு இழுத்து வந்தால், வழியில் பெண்கள் போட்ட சேம்புத் தோட்டமெல்லாம் நாசமாகும். அங்கே நடக்கும் மில்தான் சரி. ஆற்றோர மரத்துக்கும் நீள உத்திரத்துக்கும் என் மில்தான் சரி. ஆனால் கமிட்டியில் சொல்ல நான் வேறு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் பலகை கோணல், கோயில் கூரை ஒரு நாள் நம் தலையில் இறங்கும் என்று. எனக்கு எல்லா மரமும் வேண்டும். அவனுக்கு ஒரு குச்சிகூடப் போகக் கூடாது.

பரீட்சை அன்று என் மரத்தை வெயில் ஏறுவதற்குள் அறுத்து அடுக்கிவிட்டு, கோணலைத் தேடி மலை ஏறினேன். அவன் அறுத்த பலகை ஒன்றில் நூல் பிடித்துப் பார்த்தேன். நேராக இருந்தது. இன்னொன்றைப் பார்த்தேன். அதுவும் நேர். எரிச்சலில் நிமிர்ந்தபோது, சரிவின் கீழ்ப்பக்கம் அவன் மில்லை ஒட்டிக் குனிந்து மரத்தூளை வாரிக்கொண்டிருந்தான். மேலே பாதி அறுத்த மரம். அதற்கு அண்டை கொடுத்த ஆப்பு நழுவிக்கொண்டிருந்தது.

"மச்சான்!" என்று கத்தினேன்.

மூன்று பேர் திரும்பினார்கள். ரூபினாவின் சித்தப்பா பிள்ளைகள், எல்லாருமே எனக்கு மச்சான்கள். திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உருளட்டுமே, மில் உடைந்தால் அப்புறம் எப்படி நடக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் என் வாய் அவன் பெயரைக் கூவியது.

அவன் துள்ளி விலகினான். அவன் கால் இருந்த இடத்தில் மரம் உருண்டு, ஓர் அடிக்கட்டையில் முட்டி நின்றது. மில்லுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எங்கள் வழக்கப்படி, பெயரைச் சொன்னவன் அபராதமாகப் பன்றி அனுப்பி, மச்சான் அதைச் சாப்பிடும்வரை அவன் முகத்தெதிரே உட்காரக் கூடாது. ஆகவே சாயங்காலக் கமிட்டியில் அவன் இருப்பான், நான் இருக்க முடியாது. எல்லாம் போயிற்று என்று வீட்டில் குமைந்துகொண்டிருந்தேன்.

ரூபினா கூட்டத்திலிருந்து வந்தாள். "மலை மரம் தம்பிக்கு. ஆத்தோர மரமும் உத்திரம் மொத்தமும் உங்களுக்கு."

"யாரு சொன்னா? உபதேசியாரா?"

"தம்பிதான். 'நீள உத்திரம் என் மில்லுல அவ்வளவு நேரா வராது, அத்தான்கிட்டயே குடுங்க'ன்னு எழுந்து நின்னு சொன்னான்."

நான் மறைக்க இருந்ததை அவன் சபையில் எழுந்து சொல்லியிருக்கிறான். அதுவும் தன் மில்லின் குறையோடு சேர்த்து. இப்போது எரிந்ததற்கு முன்னால், அன்று மில்லைப் பார்த்து எரிந்தது ஒன்றுமே இல்லை.

"பன்னி அனுப்பணுமே, எதைப் பிடிக்கட்டும்?" என்றாள் அவள்.

"பெருசு."

"கோயில் விருந்துக்குன்னு வளக்கிறதா?" அவள் கண் கலங்கியது. "தம்பி மேல இம்புட்டுப் பாசமா உங்களுக்கு?"

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுலயாவது அவனை நான் ஜெயிக்கணும்டி."