துருவ நட்சத்திரத்துக்குக் கீழே

அந்தப் புள்ளியை முதலில் கண்டது நானா, ஜெரிசனா என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம். நான்தான் என்று அவன் சொல்கிறான். என் நினைவில் அவனுடைய விரல்தான் திரையில் இருக்கிறது.

ஜெரிசனின் அண்ணை பேதுரு, கூட்டாளி இன்னாசித்தம்பியுடன் பருத்தித்துறையிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. நீரோட்டம் மேற்குப் பக்கம் என்று சொல்லி, தேடப் போன படகுகளெல்லாம் காங்கேசன்துறைப் பக்கமே போயின. வீட்டில் அண்ணி ஜெனிற்றாவும் சனங்களும் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருக்க முடியாமல் ஜெரிசன் காலையிலேயே கோப்பாயில் என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஏதாவது செய்வமடா. இல்லாட்டி விசர் பிடிச்சிடும்."

மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணை கடலுக்குப் போன அதே இரவு நாங்கள் இருவரும் பருத்தித்துறைக் கரையில் கமராவை நிறுத்தி, வடக்கு வானத்தைத் திரும்பத் திரும்ப எடுத்திருந்தோம். அந்தப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் மென்பொருளை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தோம். எல்லாப் படத்திலும் இருப்பதை அது வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டில் மட்டும் வருவதைக் குப்பை என்று கழித்துவிடும். விமானம், வானத்தைக் கடக்கும் செய்மதியின் கோடு எல்லாம் அப்படித்தான் போகும்.

அடுக்கி முடிந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"உன்ரை மூஞ்சையையும் இதுக்குள்ள போட்டா வடிவா வரும்," என்று அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

கழித்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். கறுப்பில் சில வெள்ளைக் கோடுகள். அடியில், கடல் விளிம்பில், செம்மஞ்சளாய் ஒரு புள்ளி.

"உது என்ன?"

"விமானமாக்கும்."

"விமானம் ஒரு இடத்தில நிக்குமோடா?"

மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தோம். துருவ நட்சத்திரத்துக்குக் கீழே, சற்றுக் கிழக்கே. ஒரு படத்தில் இல்லை. அடுத்ததில் இருந்தது. அதற்கடுத்ததில் பெரிதாக. பிறகு இல்லை.

ஜெரிசன் அந்தப் பெரிய புள்ளியில் விரலை வைத்தான்.

"எஞ்சின் நிண்டா எங்கடை ஆக்கள் உடுத்த சாரத்தைக் கழட்டி மண்ணெண்ணெயில தோய்ச்சு, தடியில கட்டிக் கொளுத்திக் காட்டுறவை."

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் நெடுநேரம் ஓடி நின்றது. அந்த நெருப்பு எரிந்தபோது நாங்கள் கரையில்தான் நின்றோம். இருவரும் அண்ணாந்து பார்த்தபடி.

"கரையைப் பாத்தெல்லோடா கொளுத்தினவர்," என்றான். பிறகு போனை எடுத்தான். "அண்ணி, அழாதேங்கோ, கேளுங்கோ. மேற்கில்லை. நேர் வடக்குக்குக் கொஞ்சம் கிழக்கால. ஓம், படத்தில கிடக்கு. படகுக்காரருக்கு இப்பவே சொல்லுங்கோ."

மறுநாள் பின்னேரம், அந்தத் திசையில் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி கிடந்த பேதுருவை உயிருடன் எடுத்தார்கள். இன்னாசித்தம்பி கிடைக்கவில்லை. அவருடைய மனைவி கத்தரீனா பிள்ளைகளுடன் மன்னாரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். பேதுரு இப்போது கடலுக்குப் போவதில்லை. கொடிகாமம் சந்தையில் ஜெனிற்றாவுடன் கருவாடு விற்கிறார். ஜெரிசன் இன்னும் வானத்தைப் படம் எடுக்கிறான். நான் எடுப்பதில்லை.