ஒரு சிரட்டைத் தவிடு

சிவரூபி எதையும் விட்டுவைக்கவில்லை. வாசல் நிலையில் வேப்பங்குழை செருகினாள். பாயின் தலைமாட்டில் பாக்குவெட்டி வைத்தாள். பிள்ளையின் கன்னத்தில் கரும்பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு, கணுக்காலில் அம்மன் கோயிலில் மந்திரித்து வாங்கிய நூல். செவ்வாயும் வெள்ளியும் உப்பு, செத்தல் மிளகாய், கடுகு மூன்றையும் கைக்குள் பொத்தித் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். இவ்வளவு காவலுக்குள்ளும் முதற்பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குமுன் போய்விட்டது. இரண்டாவது தவழத் தொடங்கிய மாரியில் காய்ச்சல் கண்டது. மலேரியாக் குளிசை வன்னிக்குள் தேடினாலும் கிடைக்காத காலம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், விஜிதரன் சைக்கிளை மிதித்துக்கொண்டிருக்க, கரியரில் இருந்த அவள் மடியிலேயே அது குளிர்ந்துபோனது. அவள் உடனே சொல்லவில்லை. அவன் மிதித்துக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது வயிற்றில் இருந்தபோது புருஷனின் பெரிய சேட்டைப் போட்டு வயிற்றை மறைத்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போனாள். கிளிநொச்சிக்குப் பக்கத்தில், கலவரத்துக்குப் பயந்து மலைத்தோட்டங்களை விட்டு வந்த சனம் காடு வெட்டிக் குடியேறிய இடம் அது. வேலிக்கு வேலி கண் இருந்தது. அடுத்த வளவு வீரம்மா மட்டும் சேட்டுக்கு ஏமாறவில்லை.

"மறைச்சு என்னா புள்ள ஆகப்போவுது? பொறந்ததும் வித்துப்புடு."

"என்னக்கா சொல்லுறீங்கள்?"

"நானே தவுட்டுக்கு வித்த புள்ளதான். எனக்கு முன்னால நாலு செத்துச்சு. என்னயக் குப்பையில போட்டு, வேத்துச் சனம் ஒருத்தி தூக்குனா. இந்தா, மலை மாதிரி நிக்கிறேன்ல."

வீரம்மா மலை மாதிரித்தான் இருந்தாள். அவளைச் சுருட்டி மடக்க எந்தக் காய்ச்சலாலும் முடிந்ததில்லை. அதைவிட வேறு அத்தாட்சி சிவரூபிக்குத் தேவைப்படவில்லை.

முறையை வீரம்மா விளக்கினாள். வாங்குகிறவள் ஒரு சிரட்டைத் தவிடு விலை கொடுக்க வேண்டும். அதன்பிறகு பிள்ளை அவளுடையது. பெற்றவள் வளர்க்கலாம், பால் கொடுக்கலாம், என் பிள்ளை என்று மட்டும் சொல்லக்கூடாது. நல்ல பெயரால் கூப்பிடக்கூடாது. பிள்ளையைக் கொண்டுபோகத் தேடி வருவது, இது வேறு எவளோ பெற்றது என்று திரும்பிப் போய்விடும்.

"காது குத்துற அன்னிக்கி அதே தவுட்டத் திருப்பிக் குடுத்து மீட்டுக்க. அதே தவுடு. மாத்தப்படாது. அதுவரைக்கும் சீலையில கட்டித் தொங்கவிடு."

"மனசுக்குள்ள எண்டாலும் என்ரை எண்டு நினைக்கலாமோ?"

வீரம்மா யோசித்தாள். "வேணாம் புள்ள. எதுக்கு வம்பு?"

வாங்குவதற்கு மரியமலர் கிடைத்தாள். முள்ளிவாய்க்காலிலிருந்து தட்டிவான் பஸ்ஸில் கருவாட்டுப் பெட்டியோடு வந்து ஊருக்குள் விற்கிறவள். வேதக்காரி, கடற்கரைக்காரி, வேற்றுச் சனம். கலியாணம் கட்டி வெகுகாலமாகியும் பிள்ளையில்லை. வீரம்மா கேட்டபோது, "உங்கடை ஆக்களுக்கு நல்ல விசர்தான்" என்று சிரித்தாள். என்றாலும் சம்மதித்தாள்.

சாணிக் கும்பத்துக்குப் பக்கத்தில் சுளகில் பிள்ளை கிடந்தது. வீரம்மா சொல்லிக்கொடுத்தபடி மரியமலர் ஒன்றும் தெரியாதவளாய்ப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இதென்ன குப்பைக்குள்ள சத்தம்? பூனையோ? ஆற்றை பிள்ளை இது?"

"ஆற்றையோ" என்றாள் சிவரூபி. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எங்களுக்குப் பிள்ளையில்லை. வேணுமெண்டா எடுங்கோ."

மரியமலர் குனிந்து எடுத்தாள். "என்ரை மாதாவே, இவ்வளவு வடிவான பிள்ளையை ஆர்..."

"வாயக் கழுவு தாயி. கொரங்கு மாதிரி இருக்குன்னு சொல்லு" என்று வீரம்மா அதட்டினாள்.

"சரி, குரங்குதான். சப்பை மூக்கு. தலை தேங்காய். இந்தச் சாமானுக்கு ஒரு சிரட்டைத் தவிடே கூடிப்போச்சு."

வேலியடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிவரூபிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, மரியமலர் பிள்ளையின் உச்சியை முகர்ந்துகொண்டு நிற்பதைக் கண்டாள். திருப்பித் தர வெகுநேரம் எடுத்தது.

"என்ரை பிள்ளையை உன்னட்ட வளக்கத் தாறன். கவனமாப் பார்" என்றாள் மரியமலர்.

விஜிதரன் மனதுக்குள் யதுர்ஷன் என்று ஒரு பெயர் வைத்திருந்தான். அதை யாரும் கூப்பிடவில்லை. பிள்ளை குப்பையன் ஆனான். குப்பையன் தவழ்ந்தான், நடந்தான், மண் தின்றான், ஒரு தும்மலுக்கும் படுக்கவில்லை. சீலைப் பொட்டலம் கூரை வளையில் தொங்கியது. அதை அண்ணாந்து பார்க்காமல் சிவரூபி ஒருநாளும் அடுப்பு மூட்டியதில்லை.

அடுத்த வருஷம் ஆமி கிளிநொச்சிக்கு இறங்கினான். செல் விழ விழச் சனம் ஒழுங்கைகளால் ஓடியது. சிவரூபி வளையை எட்டிப் பொட்டலத்தை அவிழ்த்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டு இறங்கினாள்.

"அரிசிப் பானையை விட்டிட்டுத் தவிட்டைக் கொண்டு வாறாள்" என்றான் விஜிதரன். "மாட்டுக்குப் பிறந்தவளே, கெதியா வா."

வீரம்மா குடும்பம் மல்லாவிப் பக்கம் போனது. இவர்கள் விசுவமடுவில், மரங்களுக்குக் கீழே, ஒரு தறப்பாள் துண்டுக்குள் ஒதுங்கினார்கள். மாரி பிடித்தது. நிவாரணம் வருகிறது வருகிறது என்றார்கள். விஜிதரன் கூலி தேடி எங்கெங்கோ போய் வெறுங்கையோடு வந்தான். அவளுக்குப் பால் வற்றிவிட்டது.

ஒரு மத்தியானம். விஜிதரன் இல்லை. மழை தறப்பாளில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை அழுது முடித்து, அழவும் பலமில்லாமல், தன் புறங்கையைச் சூப்பிக்கொண்டிருந்தான். பக்கத்துத் தறப்பாள்களில் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் அடுப்பு ஈரமாய்த்தான் கிடந்தது. திரும்பி வந்து பிள்ளையைப் பார்த்தாள். பிறகு நெஞ்சுக்குள் இருந்த பொட்டலத்தை எடுத்தாள்.

கொஞ்சம் எடுக்கலாம், மிச்சத்தை வைக்கலாம் என்றுதான் அவிழ்த்தாள். சட்டியில் வறுத்து, உப்புப் போட்டு, சுடுதண்ணீரில் கரைத்து ஊட்டினாள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டே இருந்தான். அவளும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் அவள் விரல்களை நக்கினான். கீழே கிடந்த வெறும் சீலையை அதன்பிறகுதான் அவள் பார்த்தாள். உதறினாள். ஒரு உமி விழுந்தது. தன்னை விற்ற விலையைப் பிள்ளை தானே தின்றுவிட்டான். இனி எதைக் கொடுத்து மீட்பது?

நாலைந்து நாளில் காய்ச்சல் வந்தது. முதலில் நடுக்கம், பிறகு அனல், பிறகு வேர்வை. அந்த ஒழுங்கு அவளுக்குத் தெரியும். இரண்டாவது பிள்ளைக்கும் இதே ஒழுங்குதான். உப்பு இல்லை, மிளகாய் இல்லை, சுற்றிப்போட ஒன்றுமில்லை. ஒரு பிடி ஈரமண்ணை எடுத்துச் சுற்றி மழைக்குள் எறிந்தாள். வீரம்மா பக்கத்தில் இருந்தால் இதற்கு ஒரு மாற்றுச் சொல்லியிருப்பாள். வீரம்மா மல்லாவியில் எந்த மரத்தின் கீழோ.

"மரியமலர் அக்காட்டக் கொண்டுபோவம்" என்றாள்.

"அங்கை சிஸ்டர்மாரிட்டக் குளிசை இருக்கும் எண்டு சொல்லுறாங்கள்" என்றான் விஜிதரன். அவன் குளிசையை நினைத்தான். அவள் தவிட்டை நினைத்தாள். இரண்டு நினைப்போடும் ஒரே சைக்கிளில் முள்ளிவாய்க்காலுக்குப் போனார்கள். வழி முழுக்க அவள் பிள்ளையின் மூக்கில் கைவைத்தபடியே இருந்தாள்.

மரியமலர் பிள்ளையை வாங்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். சிஸ்டர் குளிசையை நாலாக உடைத்துக் கரைத்துக் கொடுத்தார். மரியமலர் அந்தோனியார் எண்ணெயை நெற்றியில் பூசிச் செபமாலை சொன்னாள். காய்ச்சல் இறங்கியது. பிள்ளை எழும்பி இருந்து மீன் சொதி குடித்தான்.

சிவரூபி தவிட்டுக் கதையைச் சொன்னாள். மரியமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தின்னட்டும். அதுவும் ஒரு சாப்பாடுதானே. உனக்கு வேணுமெண்டா நான் ஒரு மூட்டை தவிடு தாறன், அதைத் திருப்பித் தா."

"அதே தவிடு வேணும் அக்கா."

"நீ பாவமடி பிள்ளை" என்றாள் மரியமலர். சிரிப்பு நின்றிருந்தது.

பிள்ளையோடு விசுவமடுவுக்குத் திரும்பினார்கள். அந்த மாதம் முடியுமுன் மறுபடி நடுக்கம் கண்டது. விஜிதரன் காய்ச்சல் முழுதாய்ப் போகவில்லை என்றான். சிவரூபிக்கு வேறு விதமாய் விளங்கியது. வாங்கியவளிடம் இருந்தால் சுகம். பெற்றவளிடம் வந்தால் காய்ச்சல். இதைவிட வெளிச்சமாய் யார் வந்து சொல்ல வேண்டும்? திரும்பவும் கொண்டுபோய், இந்த முறை பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள்.

"ஒரு சிரட்டைத் தவிட்டுக்கு என்ரை பெடியன்" என்றான் விஜிதரன் வழியில். "ஆடு விக்கிறவனும் இதைவிட நல்ல விலை கேட்பான்."

உன் பெடியன் என்று சொல்லாதே என்பதுபோல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து அவன் சேட்டைப் பிடித்து இழுத்தாள்.

அதற்குப் பிறகு எப்போதாவது ஞாயிறுகளில் போய்ப் பார்ப்பாள். பிள்ளை மீன் தின்று உருண்டையாய் இருந்தான். மரியமலர் அவனை ஜெனோசன் என்று கூப்பிட்டாள். கூப்பிட்டதும் ஓடினான். சிவரூபி "குப்பையா" என்று கூப்பிட்டால் மரியமலரின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பான். அவள் தூக்கமாட்டாள். எட்ட நின்று பார்த்துவிட்டு, விரல்களை நெற்றியில் முறித்துக்கொண்டு போவாள். மூன்றாவது வயதில் அவன் காது குத்தாமலே இருந்தான். வேதக்காரர் ஆண்பிள்ளைக்குக் காது குத்துவதில்லை.

பிறகு மரியமலரின் புருஷன் அல்பேர்ட் இந்தியாவுக்குப் போவதென்று முடிவெடுத்தான். கடலில் தொழில் செய்ய விடுகிறார்களில்லை, மண்ணெண்ணெய் இல்லை, நேவி சுடுகிறான். மன்னார்ப் பக்கம் போய்ப் படகேற வேண்டும். மரியமலர் ஆள்விட்டுக் கூப்பிட்டாள். இருவரும் போனார்கள். வீட்டில் சட்டி பானைகள் சாக்குகளில் கட்டியிருந்தன. பிள்ளை வாசல் மணலில் நண்டொன்றை ஈர்க்கால் துரத்திக்கொண்டிருந்தான்.

"பிள்ளையைக் கொண்டு போங்கோ" என்றாள் மரியமலர். முகம் வீங்கியிருந்தது. "எனக்கு ஆசை இல்லை எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனா களவெடுக்க மாட்டன். அண்டைக்கு நாங்கள் விளையாடினது விளையாட்டு."

"எழும்பு சிவா, தூக்கு" என்றான் விஜிதரன். அவன் பிள்ளையைத் தூக்க எழும்பியே விட்டான்.

சிவரூபி அவன் கையைப் பிடித்தாள்.

"அங்க குளிசை இருக்குமோ அக்கா?"

"இந்தியாவில எல்லாம் இருக்கும். ஆனா கடல் இருக்கெல்லே, இடையில."

"காய்ச்சல் வராதோ?"

"அது எனக்குத் தெரியாது பிள்ளை. என்னட்டக் கேக்காத. சொல்லு, இது ஆற்றை பிள்ளை?"

மணலில் நண்டு வளைக்குள் போய்விட்டது. பிள்ளை குந்தியிருந்து வளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுகள் விஜிதரனின் காதுகள். சிவரூபி அதைப் பார்த்தாள். குளிர்ந்துபோன இரண்டு உடம்பும் மடியில் கிடந்த பாரம் அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பாரம்.

"உங்கடை" என்றாள்.

விஜிதரன் எழும்பி வெளியே போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பும் வழியில் அவளை ஏற்றவில்லை. அவன் உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள்.

அந்த வருஷத்துக்குப் பிறகு செய்தியில்லை. அவர்கள் போன காலத்தில் ஒரு படகு மணல்திட்டுப் பக்கம் கவிழ்ந்ததென்று ஒருவர் சொன்னார். இல்லை, மண்டபம் முகாமில் முள்ளிவாய்க்கால் சனத்தைக் கண்டதாய் இன்னொருவர். விஜிதரன் கேட்டு அலைந்தான். சிவரூபி கேட்கவில்லை. வேறு ஒருத்தியின் பிள்ளையை அவள் எப்படி விசாரிப்பாள்? அதற்குப் பிறகு அவள் வயிற்றில் பிள்ளை உண்டாகவுமில்லை.

தர்மபுரத்தில் மண்சுவர் வைத்துக் குடியிருந்தபோது தில்லைநாதன் என்றொருவர் வீட்டுக்கு வந்தார். காணாமற்போனவர்களை விசாரித்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. விஜிதரன்தான் எங்கேயோ சொல்லிக் கூட்டி வந்திருந்தான். குசினி வாசலில் கதிரை போட்டு இருத்தினான்.

"படகில போன பெடியன் ஒண்டு எண்டு சொன்னீங்கள். அந்தப் பக்கம் ஆள் இருக்கு, பாத்துச் சொல்லுவினம். ஆனா பெத்த ஆக்கள் கேட்டாத்தான் விசாரிப்பினம். உங்கடை பிள்ளைதானே?"

விஜிதரன் வாயைத் திறந்தான். பிறகு அடுப்படியில் நின்ற சிவரூபியைப் பார்த்தான். நீ சொல்லு என்பதுபோல் பார்த்தான். வருஷக்கணக்காய் அவளிடம் அவன் எதையும் கேட்டதில்லை.

பிள்ளை உயிரோடு இருந்தால், அவள் சொல்லும் ஒரு சொல் தேடிக்கொண்டிருப்பதன் காதில் விழும். இன்னும் ஒன்று இருக்கிறது, இவள் பெற்றது என்று அது அறிந்துகொள்ளும். பிள்ளை இல்லையென்றால், அந்தச் செய்தியும் இந்தக் கதிரைக்காரரின் வாயால்தான் வரும். சொல்லாதவரைக்கும் அவன் மணலில் குந்தி நண்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஐயா பிழையான வீட்டுக்கு வந்திட்டீங்கள்" என்றாள். "எங்களுக்குப் பிள்ளையில்லை."

அவர் விஜிதரனைப் பார்த்தார். விஜிதரன் நிலத்தைப் பார்த்தான். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, அவர் எழும்பிப் போனார்.

பின்னேரம் அவள் கதிரையில் ஏறி, இந்த வீட்டுக்கு வந்த நாளில் வேறு தவிடு முடிந்து வளையில் தொங்கவிட்டிருந்த பொட்டலத்தை அவிழ்த்தாள். தவிட்டில் புழு வைத்திருந்தது. கோழிகளுக்குக் கொட்டினாள். அரிசி குத்திய உரலடியிலிருந்து புதுத் தவிடு ஒரு சிரட்டை அள்ளி, அதே சீலையில் முடிந்து, திரும்பவும் கட்டினாள். அது அதே தவிடில்லை என்று அவளுக்குத் தெரியும்.