பக்கத்துக் குவியல்

களத்துச் சிமெண்ட் தரை சூடேறத் தொடங்கியிருந்தது. பதினோரு குடும்பங்களின் மக்காச்சோளம் பதினோரு இடங்களில் பரப்பிக் கிடக்க, ஆணும் பெண்ணுமாக அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். உள்ளங்காலைத் தூக்காமல் இழுத்து நடக்க வேண்டும். அப்போதுதான் அடியில் கிடக்கும் மணிகள் மேலே வரும். டிரைவருக்கு அந்த நடை இன்னும் பிடிபடவில்லை.

"இவர் என்ன, பிரேக்கை மிதிக்கிற மாதிரியே மிதிக்கிறாரு?" என்றாள் அவர் மனைவி. பெண்கள் சிரித்தார்கள்.

இருபது வருஷம் லாரி ஓட்டியவர். முதுகு கெட்டுப்போய், குத்தகைக்கு நிலம் பிடித்து, விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்து இது முதல் அறுவடை. லாரியை விட்டாலும் ஊர் அவரை டிரைவர் என்றேதான் கூப்பிட்டது.

சங்கத்துக்கு உயிர் செயலாளர் அக்கா. ஈரம் அளக்கும் மீட்டரை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டியிருப்பாள். கட்டின கணவன் கேட்டாலும் கையில் தர மாட்டாள். அந்த மீட்டர் வருவதற்கு முன்னால், மண்டிக்காரர் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, "ஈரம்" என்பார். மூட்டைக்கு மூன்று கிலோ போய்விடும். அவர் பல் சொன்னதை மறுத்துப் பேச ஊரில் எவருக்கும் வாய் இருந்ததில்லை. சங்கம் முதன்முதலில் வாங்கிய பொருள் இந்த மீட்டர்தான். அதன்பிறகு அக்கா கொள்முதல் தலைமை அலுவலகத்துக்குப் பதினோரு முறை நடந்தாள். அரசாங்கம் ஆதரவு விலைக்குச் சங்கத்தின் சோளத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது இந்த வருஷம்தான். ஈரப்பதம் பதினாலு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நாளை மறுநாள் மாலை ஐந்து மணியோடு கொள்முதல் முடிகிறது.

களத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. மழை வந்தால் அவரவர் குவியலுக்கு ஓடக் கூடாது. பக்கத்தில் எது கிடக்கிறதோ அதை மூட வேண்டும். ஒருமுறை எல்லோரும் அவரவருடையதைத் தேடிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, எல்லோருடையதும் நனைந்து போனதிலிருந்து இந்த ஏற்பாடு. டிரைவர் சேர்ந்த அன்றே அக்கா இதைச் சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார்.

மதியம் வானம் ஒரு பக்கமாகக் கறுத்தது. களத்தோரம் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டில் அக்கா இரண்டு தட்டுத் தட்டினாள். டிரைவர் அப்போது தையல்காரம்மாவின் குவியலுக்கு அருகில் நின்றிருந்தார். தார்ப்பாய் காலடியில் கிடந்தது. தையல்காரம்மா கொட்டகைக்குள் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் தார்ப்பாயைப் பார்த்தார்; களத்தின் மறுகோடியில் தன் சோளத்தைப் பார்த்தார். ஓடினார்.

பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்க அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய குவியல் மூடியிருந்தது. தபால்காரர் மனைவி நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு மணிகூட நனையவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். களத்தில் திறந்து கிடந்தது ஒன்றே ஒன்றுதான். தையல்காரம்மா கொட்டகையிலிருந்து ஓடிவந்து அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். சோளம் தண்ணீரோடு வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மழை கால் மணி நேரம்தான். மீட்டர் பத்தொன்பது காட்டியது.

யாரும் டிரைவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். தையல்காரம்மாவின் கணவருக்குக் கால் ஒடிந்து ஆறு மாதம். அந்தப் பதினெட்டு மூட்டைதான் அந்த வீட்டின் ஒரு வருஷம். மண்டிக்குப் போனால் பாதி விலைகூட வராது.

"என்னோடதை விட்டுட்டுப் போங்க," என்றாள் தையல்காரம்மா. குரல் உடையவில்லை. "பதினெட்டு மூட்டைக்காக நூத்தி இருபது மூட்டையும் நிக்கக் கூடாது."

அக்கா மீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "தனித்தனியாப் போறதுன்னா மண்டிக்கே போயிருக்கலாமே. சங்கம் எதுக்கு? போனா எல்லாம் போகும். இல்லன்னா எதுவும் போகாது."

"மறுபடி மழை வந்தா?"

"வந்தா பார்த்துக்கலாம். இப்ப வெயில் வருது, வேலையைப் பாருங்க."

மற்றவர்களுடைய சோளம் காய்ந்து தயாராகக் கிடந்தது. அன்றைக்கே ஏற்றிப் போயிருந்தால் முதல் ஆளாக நின்றிருக்கலாம். ஆனாலும் நனைந்த சோளத்தைக் கூடைகளில் அள்ளி வீட்டுக்குக் கொஞ்சமாக மொட்டைமாடிகளுக்குத் தூக்கிப் போனார்கள். மெலிசாகப் பரப்பினால்தான் இரண்டு நாளில் காயும். டிரைவர் மூன்று வீட்டுப் பங்கைத் தானே கேட்டு வாங்கினார்.

மொட்டைமாடித் தரை நெருப்பாகக் கொதித்தது. செருப்புப் போட்டால் மணி உடையும். அரை மணிக்கு ஒரு தரம் கிளறினார். முதல் நாள் சாயங்காலமே பாதத்தில் கொப்புளம். மறுநாள் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். இப்போது மணிகள் சொன்னபடி புரண்டன.

"ஊரெல்லாம் சுத்தின கால், இப்பத்தான் வீட்டுக்குள்ள நடக்குது," என்று சொல்லி மனைவி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். சொல்லிவிட்டு அவளும் மறுபக்கமிருந்து கிளற ஆரம்பித்தாள்.

தையல்காரம்மா மாடி ஏறி வந்தாள். டிரைவர் நின்றார்.

"அம்மா, அன்னிக்கு நான்..."

"தெரியும். பேசிட்டே நின்னா சோளம் காயாது." அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "அந்த மூலை எனக்கு. நீங்க இந்தப் பக்கம் வாங்க."

பதினாறரை. பதினாலு புள்ளி எட்டு. கடைசி நாள் மதியம் அக்கா பத்துப் பதினைந்து இடத்தில் கைவிட்டு மணி எடுத்து, மூன்று தரம் அளந்தாள். பதின்மூன்று புள்ளி ஏழு. அவள் எண்ணைச் சொல்லவில்லை. "ஏத்துங்க," என்று மட்டும் சொன்னாள். தபால்காரர் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது.

சங்கத்தின் வழக்கப்படி எல்லோருடைய சோளத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, சங்கத்து முத்திரை போட்ட சாக்குகளில் நிரப்பினார்கள். தையல்காரம்மாவின் ஊசி நிற்கவே இல்லை. இரண்டு டிராக்டர்கள் புறப்பட்டபோது மணி இரண்டு.

கொள்முதல் நிலையத்தில் அலுவலர் சாக்குக்குள் இரும்புக் குழலைக் குத்தி மணிகளை எடுத்தார். தன் மீட்டரில் போட்டார். வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"பதின்மூணு புள்ளி ஆறு. இந்த வருஷம் இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவரல," என்றார். மனசாரத்தான் சொன்னார். பதினோரு குடும்பமும் அதைக் கேட்டது. டிரைவர் குனிந்து பாதத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

தொண்ணூற்றாறு மூட்டைகள் தராசைத் தாண்டின. அப்போது உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து அலுவலரின் காதில் ஏதோ சொன்னான். அலுவலர் பேனாவை மூடினார்.

"கிடங்கு நிறைஞ்சிருச்சு. மீதி இருபத்திநாலை எடுக்க முடியாது."

"மணி நாலுதான் ஆகுது. அஞ்சு வரைக்கும்னு உத்தரவு இருக்கே," என்றாள் அக்கா. உத்தரவின் நகலை மேசை மேல் விரித்தாள்.

"நேரம் இருக்குங்க. இடம் இல்லையே. நான் என்ன பண்றது?"

"அப்ப இடம் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் எழுதவில்லை. தாளை மடித்து அவளிடமே தந்தார். அவள் நின்றாள், அரை மணி நேரம் நின்றாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"அந்த இருபத்திநாலு என் பங்குன்னு வெச்சுக்கங்க," என்றார் டிரைவர்.

"எந்த மூட்டையில உங்க பேர் இருக்கு?" என்று அக்கா கேட்டாள். "பதினோரு பேருக்கும் பிரிச்சுக்குவோம். ஏறுங்க."

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றாள் தையல்காரம்மா. டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மெய்யாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் முதன்முறையாக அவருக்கு நெஞ்சு லேசானது.

முன்வாசலில் நெரிசல். டிராக்டரைத் திருப்பிக் கிடங்கின் பின்பக்கமாகக் கொண்டுபோனார்கள். அங்கே கதவு அகலத் திறந்திருந்தது. மண்டிக்காரரின் மூன்று லாரிகள் வரிசையாக நிற்க, சுமைக்காரர்கள் மூட்டைகளை முதுகில் ஏற்றி உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். கதவருகே மேசையும் இல்லை, மீட்டரும் இல்லை. டிராக்டர் நின்றது. ஒரு சுமைக்காரர் அவர்களை உரசிக்கொண்டு கடந்தார். அவர் முதுகிலிருந்த சாக்கு கறுத்துப் புளித்த வாடை அடித்தது. அதன் இழைகளுக்கு நடுவே சோளம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.