தாழ் திறந்த கை

அன்று பிற்பகல் அந்திகேனஸின் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டின் தலைவரும் லைசானோர் வம்சத்தில் இப்போது மூத்தவருமான அந்திகேனஸ், அவர் மனைவியின் தம்பி போலியார்கோஸ், சோகநாடகக் கவிஞர் தெலெசியாஸ், அவருடைய தலைமை நடிகன் நாவ்சோன். இவர்கள் முற்றத்தில் இருந்தார்கள். அந்திகேனஸின் மனைவி மெலித்தா தறி அறைக்குள், வாசல் திரைக்குப் பின்னால் இருந்தாள். வேற்று ஆண்கள் வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் முற்றத்துக்கு வருவதில்லை. ஆனால் மெலித்தாவின் காதையோ வாயையோ எந்தத் திரையும் தடுத்ததில்லை.

மறுநாள் காலை, மதுக்கடவுள் தியோனிசஸின் விழாவில் தெலெசியாஸின் நாடகம். ஏதென்ஸ் முழுவதும் மலைச்சரிவில் உட்கார்ந்து பார்க்கும். கதை லைசானோருடையது. பல தலைமுறைக்கு முன் எல்லைக் கோட்டையைக் காத்து அதன் வாசலிலேயே விழுந்தவர் அவர். அவர் சமாதியில் ஆண்டுதோறும் பலி கொடுத்து மது வார்ப்பது இந்த வம்சத்தின் உரிமை. அரங்கில் முன்வரிசைக் கல்லிருக்கை கிடைத்திருப்பதும் அந்தப் பெயரால்தான்.

அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து. போலியார்கோஸின் வீடு, ஒத்திகை நடந்த இடத்துக்கு அடுத்த வீடு. முந்தின நாள் சுவருக்கு அப்பாலிருந்து நாவ்சோனின் குரல் கேட்டது. விழாவுக்கு முன் கவிஞர்கள் தங்கள் நடிகர்களை முகமூடி இல்லாமல் ஊரார் முன் நிறுத்திக் காட்டியபோதே, லைசானோராக வரப்போவது நாவ்சோன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் குரல் விம்மியபடி சொன்னது: பகைவனுக்குத் தாழ் திறந்தது இந்தக் கைதான்.

போலியார்கோஸ் செருப்பைக்கூட மாட்டாமல் அக்காள் வீட்டுக்கு ஓடிவந்தான். அந்திகேனஸுக்கு இரவெல்லாம் உறக்கம் இல்லை. விடிந்ததும் கவிஞருக்கு ஆள் அனுப்பினார்.

வந்தவர்களை உட்காரச் சொன்னாரே தவிர, அவர் உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"கவிஞரே, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. எங்க லைசானோரைத் துரோகின்னு எழுதியிருக்கீங்களா?"

தெலெசியாஸின் முகம் சிவந்தது. "நாளைக்கு வந்து பாருங்க ஐயா. முன்னாடியே உப்புப் பார்க்கக் கொடுக்க நான் என்ன சமையல்காரனா?"

"வரலாமா வேண்டாமாங்கறதுதான் இப்ப கேள்வியே. வந்தா ஊர் முன்னாடி தலை குனிஞ்சு உட்காரணும். வரலேன்னா, காலியா கிடக்கிற அந்த வரிசையைப் பார்த்தே ஊர் முடிவு கட்டிடும். எனக்கு இன்னிக்கே பதில் வேணும்."

"ஏங்க, அவங்களுக்கு அத்திப்பழம் கொடுத்தீங்களா?" என்றது திரை. "வெறும் வயித்துல யாரு பதில் சொல்லுவா?"

பழத்தட்டை நாவ்சோன் தானே தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கவிஞர் தொடவில்லை.

"சரி, கேளுங்க" என்றார் தெலெசியாஸ். "லைசானோர் மேல தப்பு இருக்கு. அதை நான் மறைக்கலை. மறைக்கவும் மாட்டேன்."

கைத்தடி கல்தரையில் ஓங்கி இறங்கியது.

"நான் சொன்னேன்ல அத்தான்!" என்று போலியார்கோஸ் எழுந்தேவிட்டான். "என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!"

"என்ன கேட்டீங்க?" என்றான் நாவ்சோன், வாயில் பழத்தோடு.

போலியார்கோஸ் அந்த வரியை ஒப்பித்தான். விம்மலையும் விடவில்லை. நாவ்சோனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, பழம் புரையேறி, கவிஞர் அவன் முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

"இவ்வளவு மோசமாவா நான் அழுதேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "ஐயா, இங்க பாருங்க."

முதலில் நெஞ்சு நிமிர்த்தி நின்றான். கோட்டையின் தலைவர் அங்கே நின்றார். பிறகு திரும்பி அடுப்படி வாசல்வரை நடந்து, அங்கிருந்து வேறொருவனாக வந்தான். தோள் சரிந்திருந்தது, கை நடுங்கியது. அதே குரலில் அதே வரியைச் சொன்னான்.

"இது வாசல் காவல்காரன். லைசானோர் அதுக்கு முன்னாடியே கோட்டைக்குள்ள போயிட்டார். உள்ள போனதும் அவர் முகமூடியைக் கழட்டிட்டு, காவல்காரன் முகமூடியை மாட்டிக்கிட்டு நானே இந்தப் பக்கமா வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற இடத்துல மட்டும் அந்த முகமூடி இன்னொரு நடிகன்கிட்ட இருக்கும். பாட்டுக் கூட்டத்தை விட்டா மேடையில பேசறது நாங்க மூணே பேரு. ராஜாவும் நாங்கதான், அவர் பொண்டாட்டியும் நாங்கதான்."

அந்திகேனஸ் மெதுவாக மைத்துனன் பக்கம் திரும்பினார். "வருஷம் தவறாம நாடகம் பார்க்கறவன்தானேடா நீ?"

"முகமூடியைப் பார்த்தா ஆள் தெரியும் அத்தான். சுவரைத் தாண்டி வெறும் குரல்தானே வந்துச்சு?"

"குரல் வந்துச்சு. புத்தி அந்தப் பக்கமே நின்னுடுச்சு."

"என் தம்பியை மட்டும் ஏன் திட்றீங்க?" என்றது திரை. "நீங்களும்தானே ராத்திரி பூரா கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தீங்க?"

அந்திகேனஸ் அப்போதுதான் உட்கார்ந்தார். ஆனால் அவர் எதையும் பாதியில் விடுகிறவர் அல்லர்.

"அப்ப அந்தத் தப்பு? அது என்ன?"

தெலெசியாஸ் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "உங்க வீட்டுல இந்தக் கதையை எப்படிச் சொல்லுவீங்க ஐயா? காவல்காரன் ஏன் திறந்தான்?"

"அவன் ஈனப்பயல். அதனால திறந்தான்."

"அவனை வாசல்ல நிறுத்தினது யாரு?"

"லைசானோர்தான்."

"அப்ப உங்க கதையில லைசானோர் ஆளை எடை போடத் தெரியாத தலைவர். ஈனப்பயல் கையில கோட்டைச் சாவியைக் கொடுத்தவர். நான் அவரை அவ்வளவு கீழ இறக்கலை."

இத்தனை தலைமுறையாகச் சமாதியில் சொல்லிவந்த கதையில் இந்த ஓட்டை இருப்பதை யாரும் பார்த்ததில்லை.

"என் நாடகத்துல அந்தக் காவல்காரன்தான் கோட்டையிலயே நல்லவன்" என்றார் கவிஞர். "லைசானோர் சரியாத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனா அந்தக் காவல்காரன் செத்துப்போன தன் மகனைப் புதைக்க ஒரு நாள் அனுமதி கேட்டப்ப, எல்லார் முன்னாடியும் அவனை அறைஞ்சுட்டார். அன்னிக்கு அவன் உள்ளுக்குள்ள உடைஞ்சான். தாழ் அதுக்கப்புறம்தான் திறந்துச்சு. பகைவன் உள்ள வந்ததும் லைசானோர் தனியா வாசல்ல நின்னு, காவல்காரனைத் தேடாதீங்க, அவனை அறைஞ்ச கை என்னோடதுன்னு சொல்லிட்டுச் சாகறார்."

அந்திகேனஸ் கைத்தடியை மடியில் கிடத்தினார்.

"ஆக, கர்வம்" என்றார்.

"கர்வம்தான் ஐயா. துரோகம் இல்ல, கோழைத்தனம் இல்ல."

"கடைசியில ஒத்துக்கறார்."

"எல்லார் காதிலயும் விழற மாதிரி."

அந்திகேனஸ் தாடியைத் தடவிக்கொண்டார். "கர்வம் எங்க வம்சத்துல உண்டுதான். அதை மறைச்சு என்ன ஆகப்போகுது?"

திரைக்குப் பின்னால் மெலித்தா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பாடா! கவிஞர் நம்ம வீட்டு ஆளைத்தான் எழுதியிருக்கார்."

அந்திகேனஸுக்கும் உதட்டோரம் அசைந்தது. வேறு யாரும் பார்ப்பதற்குள் அடக்கிக்கொண்டார்.

மறுநாள் லைசானோர் வீட்டார் எல்லோரும் வெள்ளை உடுத்தி, மாலை சூடி முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தலைவன் அறைந்தபோது மலைச்சரிவே முணுமுணுத்தது. அந்திகேனஸ் அசையாமல் இருந்தார். வாசலில் லைசானோர் கடைசிச் சொல்லைச் சொன்னபோது, பின்னால் செருப்பு தைப்பவர்களும் மீன் விற்பவர்களும் படகோட்டிகளும் அழும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் "ஐயோ, லைசானோர்!" என்று சொந்தக்காரரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். அந்திகேனஸ் மூச்சை நீளமாக விட்டார். அவர் கன்னம் நனைந்திருந்ததைப் போலியார்கோஸ் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அன்று அவனுக்குப் புத்தி இருந்தது.

அந்திகேனஸ் கவிஞரை வீட்டுக்கு வரவழைத்து மிரட்டி, லைசானோரின் வரியைக் காவல்காரனுக்கு மாற்றி எழுத வைத்தார் என்று சந்தையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்த வரி முதலிலிருந்தே காவல்காரனுடையது. நாடகத்தில் ஒரு சொல்கூட மாற்றப்படவில்லை.